மருந்துச் சீட்டும் மஞ்சள் துணியும்

காட்பாடி சந்திப்பில் நிற்கும் வடநாட்டு ரயில்களிலிருந்து இறங்குபவர்களில் பலர் நோயாளிகள். வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் ஸ்கேன் படங்கள் திணித்த பைகளோடு வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வருகிறவர்கள். அதே நிலையத்திலிருந்து வடக்கே பிரியும் பாதை சித்தூர், பாகாலா, சந்திரகிரி என்று போய்த் திருப்பதியைத் தொடுகிறது. ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் நீளமுள்ள இந்தப் பாதையின் ஒரு முனையில் 1900-ல் ஐடா ஸ்கடர் தொடங்கிய மருத்துவமனை இருக்கிறது. மறுமுனையில் தொல்காப்பியப் பாயிரம் தமிழ் வழங்கும் நிலத்துக்கு வட எல்லையாகக் காட்டிய வேங்கட மலை இருக்கிறது. வீட்டில் ஒருவருக்கு உடம்பு முடியாமல் போனால் மஞ்சள் துணியில் ஒரு ரூபாயை முடிந்து சாமி படத்தின் முன் வைப்பது வட தமிழ்நாட்டிலும் சித்தூர்ப் பக்கத்திலும் பழகிய வழக்கம். மருந்துச் சீட்டும் அந்த மஞ்சள் முடிச்சும் ஒரே பையில் இருப்பதைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள் உண்டு. கைவிட்டுப்போன நிலையில் கடவுளை நம்புவது அறிவுக்கு ஒத்த செயல்தானா என்று அவர்கள் கேட்பது நியாயமான கேள்வி. அதற்கு இந்தப் பாதையே பல பதில்களை வைத்திருக்கிறது என்பது என் எண்ணம். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நல்லது நடந்தே தீரும் என்ற கணிப்பாக மட்டும் இருக்கும் கடவுள் நம்பிக்கை முதல் அடியிலேயே நொறுங்கிவிடுகிறது. எல்லாக் கணிப்பும் பாதகமாகிவிட்ட பிறகும் ஒருவரை மறுநாள் வேலைக்கு எழுப்பிவிடும் பிடிப்பாக அது இருக்கும்போது நிலைத்துவிடுகிறது. அப்படி நிலைத்த நம்பிக்கை அவரோடு நின்றுவிடாமல், முன்பின் தெரியாத பிறருக்குச் சோறாகவும் மருத்துவமாகவும் போய்ச் சேர்கிறது.

சித்தூரை நெருங்கும்போதே நிலம் மாறிவிடுகிறது. பாறைக் குன்றுகள், வற்றிய ஏரிகள், அவற்றுக்கிடையே மாந்தோப்புகள். தமிழில் கிளிமூக்கு என்றும் பெங்களூரா என்றும் சொல்லும் தோத்தாபுரி மாம்பழம்தான் இந்த மாவட்டத்தின் பெரிய விளைச்சல். அதைக் கூழாக்கும் ஆலைகளை நம்பியே விவசாயி மரம் வைக்கிறான். 2025 கோடையில் அதன் விலை சரிந்தபோது அரசு தலையிட்டு மானியம் அறிவிக்கவேண்டி வந்தது. இங்கிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில், மழைக்காலம் தவிர்த்து மணலாகக் கிடக்கும் பாகுதா ஆற்றங்கரையில் இருக்கிறது காணிப்பாக்கம். கிணற்று நீரில் நின்றபடி இருக்கும் வரசித்தி விநாயகருக்கு முதலாம் குலோத்துங்கன் 11-ஆம் நூற்றாண்டில் கோயில் எழுப்பினான் என்பார்கள். பார்வையற்ற ஒருவர், வாய் பேசாத ஒருவர், காது கேளாத ஒருவர் என்று மூன்று சகோதரர்கள் வறட்சிக் காலத்தில் கிணற்றைத் தோண்டியபோது மண்வெட்டி ஒரு கல்லில் பட்டு இரத்தம் பெருகியது, மூவர் குறையும் நீங்கியது என்கிறது தலபுராணம். இந்தக் கதையில் அற்புதத்தையே எல்லோரும் பேசுகிறார்கள். அதற்கு முந்தைய வரிதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அந்த மூவரும் கோயில் வாசலில் உட்கார்ந்திருக்கவில்லை. தண்ணீர் வற்றிய கிணற்றை ஆழப்படுத்திக்கொண்டிருந்தார்கள். ஊர்க்கதையாகச் சொன்னாலும் நம் மக்கள் கடவுளைச் சந்திக்கும் இடமாக அந்தப் பாதிக் கிணற்றைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். ஆற்றின் கதையும் இதே போக்கில்தான் போகிறது. அரசனுடைய தோப்பில் கேளாமல் மாம்பழம் தின்ற லிகிதன் தானே போய்த் தண்டனை கேட்கிறான், கைகள் வெட்டப்படுகின்றன, இந்த ஆற்றில் முழுகியதும் கைகள் திரும்பக் கிடைக்கின்றன. தப்பித்துக்கொள்ள முயன்றவனுக்குக் கை முளைத்ததாக எந்தக் கதையும் இல்லை. இன்றும் காணிப்பாக்கத்தில் தலை முழுகிவிட்டு இந்த விநாயகர் முன் பொய்ச் சத்தியம் செய்ய ஆட்கள் அஞ்சுகிறார்கள். ஆந்திர அரசியல்வாதிகளே ஒருவரையொருவர் இங்கே வந்து பிரமாணம் செய்யச் சொல்லிச் சவால் விடுகிறார்கள்.

நேர்த்திக்கடன் வெறும் வியாபாரம் என்ற ஆட்சேபத்துக்கு இங்கேயே பதில் சொல்லிவிடலாம். காரியம் முடிந்தால் முடி தருகிறேன், காசு தருகிறேன் என்று வேண்டிக்கொள்வதில் பேரத்தின் சாயல் இருப்பது உண்மைதான். ஆனால் பேரத்தின் முதல் விதி, சரக்கு வராவிட்டால் பணம் இல்லை என்பது. அந்த விதியைப் பக்தர்கள் பின்பற்றுவதாகத் தெரியவில்லை. வேண்டிக்கொண்டது நடக்காத வீடுகளிலிருந்தும் அடுத்த புரட்டாசியில் கோவிந்தா என்ற குரல் கேட்கிறது. பிள்ளையைப் பறிகொடுத்தவர்களும் மலையேறி மொட்டை அடித்துக்கொள்கிறார்கள். பேரமாகத் தொடங்கியது எங்கோ ஓரிடத்தில் உறவாக மாறிவிடுகிறது. கொடுக்கல் வாங்கல் கணக்குத் தீர்ந்த பிறகும் போக்குவரத்து நிற்காத உறவு அது.

பாகாலாவுக்குப் பக்கத்தில் தாமலச்செருவு கணவாய் இருக்கிறது. 1740 மே 20-ல் ஆற்காட்டு நவாபு தோஸ்த் அலி கான் மராட்டியப் படையிடம் தோற்று உயிர்விட்ட இடம் இதுதான். நாற்பத்திரண்டு ஆண்டுகள் கழித்து, 1782 டிசம்பரில், ஹைதர் அலி இறந்ததும் சித்தூருக்குப் பக்கத்திலுள்ள நரசிங்கராயனிப்பேட்டை முகாமில்தான். இந்த இரண்டு சாவுகளுக்கும் இடையில் இந்தச் சீமை பட்ட பாட்டைப் படையெடுப்புகளின் பட்டியலே சொல்லும்: நவாபுகள், மராட்டியர், மைசூர்ப் படை, கும்பினிப் படை. அந்தக் காலத்தில் வாழ்ந்த ஒரு பெண்ணைத்தான் என் முதல் சாட்சியாக அழைக்க விரும்புகிறேன். பாகாலாவிலிருந்து மேற்கே தர்மாவரம் போகும் கிளைப்பாதையின் பக்கம், பழைய சித்தூர் மாவட்டத்துத் தரிகொண்டா கிராமத்தில் 1730-ல் பிறந்தவர் வெங்கமாம்பா. சிறு வயதிலேயே மணமுடித்து வைத்தார்கள். சிறு வயதிலேயே கணவர் இறந்துவிட்டார். விதவைக்கு என்று ஊர் வைத்திருந்த கோலத்தை அவர் ஏற்கவில்லை. தாலியையும் குங்குமத்தையும் களைய மறுத்தார். வேங்கடவனே தன் கணவன், அவனுக்குச் சாவில்லை என்றார். ஊர் சும்மா இருக்கவில்லை. கடைசியில் அவர் திருமலைக்கு வந்து சேர்ந்தார். மலையிலும் தொல்லைகள் தொடரவே தும்புரு கோனைக்குப் போய் நெடுங்காலம் தனித்திருந்தார் என்கிறது அவர் வரலாறு. 1817-ல் மறைவதற்குள் வேங்கடாசல மாகாத்மியம், துவிபத பாகவதம், யக்ஷகானங்கள் என்று எழுதிக் குவித்துவிட்டார்.

கடவுள் நம்பிக்கை மக்களை மயக்கி அடங்கி இருக்கச் செய்யும் என்ற வாதத்தோடு வெங்கமாம்பாவை எப்படிப் பொருத்துவது? அவர் நம்பிக்கை அவரை அடங்கவே விடவில்லை. தலையை மழிக்கச் சொன்னவர்களும் சாமி பெயரால்தான் சொன்னார்கள். மறுத்தவரும் சாமி பெயரால்தான் மறுத்தார். ஆகையால் மதம் ஒடுக்குகிறதா விடுவிக்கிறதா என்று மொத்தமாகக் கேட்பதில் பயனில்லை. யார் கையில், எதற்காக என்று கேட்க வேண்டும். ஒரு வெங்கமாம்பா தப்பித்தார், அவர் காலத்தில் முக்காட்டுக்குள் முடங்கிப்போன ஆயிரக்கணக்கான சிறுமிகளுக்கு எந்த வேங்கடவன் வந்தான் என்று ஒருவர் கேட்டால், அந்தக் கேள்விக்கு முன் நான் தலைகுனிவேன். அவர்களில் பலர் அதே கடவுளை அதே அளவு அழுது கூப்பிட்டிருப்பார்கள். நம்பியவர் எல்லோரும் மீண்டார்கள் என்று நான் வாதிடவில்லை. வெங்கமாம்பாவுக்கும் அவர் இழந்தது திரும்பக் கிடைக்கவில்லை. கணவர் எழுந்து வரவில்லை, ஊர் மன்னிப்புக் கேட்கவில்லை. உன் வாழ்க்கை முடிந்துவிட்டது என்று ஊர் தீர்ப்புச் சொன்ன பிறகு எண்பது வயதைத் தாண்டி வாழ்ந்து எழுத அவருக்கு இருந்த ஒரே பற்றுக்கோடு அந்த நம்பிக்கை என்பதுதான் என் வாதம். வேறு பற்றுக்கோடு எதையும் அந்தக் காலம் அவருக்குத் தரவில்லை.

அதே மேற்குப் பக்கம் மதனப்பள்ளி அருகே இன்னொரு சாட்சி இருக்கிறது, வேறு மதத்திலிருந்து. காசநோய்க்கு மருந்து என்று ஒன்றுமே இல்லாத காலத்தில், பல புராட்டஸ்டண்டு மிஷன்கள் ஒன்றுகூடி, டென்மார்க்கைச் சேர்ந்த மருத்துவர் கிறிஸ்டியன் ஃபிரிமோட்-மோல்லர் பொறுப்பில் ஒரு காசநோய் நிலையத்தை நிறுவின. 1912-ல் தொடங்கிய வேலை 1915-ல் ஆரோக்கியவரம் சானடோரியமாக உருப்பெற்றது. ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டது 1943-ல். இடையில் கிடக்கிற கிட்டத்தட்ட முப்பது ஆண்டுகளை நினைத்துப் பார்க்க வேண்டும். ஓய்வு, நல்ல காற்று, சத்தான சாப்பாடு, சிலருக்கு நுரையீரலைச் சுருக்கி வைக்கும் சிகிச்சை; அங்கிருந்தவர்களிடம் இருந்ததெல்லாம் இவ்வளவுதான். தேறிப் போனவர்கள் இருந்தார்கள், இறந்தவர்கள் மிகப் பலர். காசநோய் என்றாலே வீட்டார் ஒதுக்கி வைத்த காலம் அது. நோயின் போக்கை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டிருந்தால், முப்பது ஆண்டுகள் அந்தப் படுக்கைகளை விரித்து வைத்திருக்க யாருக்கும் காரணம் இருந்திருக்காது. குணப்படுத்த முடியாதவரையும் குளிப்பாட்டிச் சோறூட்ட வேண்டும் என்ற கட்டளையைக் கடவுளிடமிருந்து பெற்றதாக நினைத்தவர்கள்தான் அதைச் செய்தார்கள். மருந்து வந்தபோது அதைக் கொடுத்துப் பார்க்க மருத்துவர்களும் படுக்கைகளும் பதிவேடுகளும் அங்கே தயாராக இருந்தன. காத்திருந்த அந்த இடம் இல்லையென்றால் மருந்து வந்து இறங்க ஓர் இடம் இருந்திருக்காது.

இதற்கு ஓர் அறிவாளியின் மறுப்பு எனக்குக் கேட்கிறது. காசநோயை வென்றது மருந்து. 1956-ல் சென்னையில் தொடங்கிய ஆய்வு, வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டாலும் சானடோரியத்தில் கிடந்து சாப்பிடுவதற்குச் சமமான பலன் கிடைக்கும் என்று காட்டிவிட்டது. ஆக அந்த மலைக்காற்றும் ஜெபமும் வீண்தானே என்பார். மருந்துதான் வென்றது, அதில் எனக்கு எதிர்வாதம் இல்லை. நம்பிக்கை கிருமியைக் கொல்லும் என்று சொல்பவரை நான் ஊருக்கு ஆபத்தானவராகவே கருதுவேன். ஆனால் மருந்து வருவதற்கு முன்னால் வாழ்ந்து செத்தவர்களை என்ன செய்வது? மனிதகுலத்தின் பெரும்பகுதி எப்போதும் ஏதோ ஒரு மருந்து கண்டுபிடிக்கப்படுவதற்கு முந்தைய காலத்தில்தான் வாழ்கிறது. இன்றைக்கும் மருத்துவர் கையை விரிக்கும் நோய்கள் எத்தனையோ உண்டு. அந்த இடைவெளியில் நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்திருக்க ஒரு காரணம் வேண்டியிருக்கிறது. கடவுளை நம்பாத நல்லவர்களும் அப்படி உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்களை வணங்குகிறேன். ஆயினும் ஆரோக்கியவரத்தில் உட்கார வைத்தது கடவுள்தான் என்பதை மறைத்து அந்த வரலாற்றை எழுத முடியாது.

பாகாலாவுக்குத் திரும்பி வடகிழக்கே போனால் சந்திரகிரி. தலைக்கோட்டைப் போரில் விழுந்த விஜயநகரம் கடைசிக் காலத்தில் ஒதுங்கிய கோட்டைகளில் ஒன்று. அரண்மனைகள் நிற்கின்றன, ஆண்டவர்கள் இல்லை. இங்கிருந்து மலையைப் பார்க்கும்போது அரசியல் நம்பிக்கைகளின் ஆயுள் எவ்வளவு குறுகியது என்பது தெரிகிறது. திருமலைக் கோயிலில் ஒரு வெள்ளித் திருமேனி இருக்கிறது, போக சீனிவாசர் என்று பெயர். அதைக் கொடுத்தவர் சாமவை என்ற பல்லவ குலத்து அரசி. அவர் அளித்த கொடைகளை 966-ஆம் ஆண்டின் தமிழ்க் கல்வெட்டு சொல்கிறது. அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே பல்லவப் பேரரசு சோழரிடம் முடிந்துபோயிருந்தது. தோற்றுப்போன குலத்தில் வாழ்க்கைப்பட்டவர், தன் குலத்துக்கு இனி வராத நாளைக்காக அல்லாமல், என்றோ வரப்போகும் யார் யாரோ வழிபடுவதற்காக நிலமும் நகையும் எழுதி வைத்தார். இன்றைக்கும் ஒவ்வொரு நாள் இரவும் ஏகாந்த சேவையில் கட்டிலில் பள்ளிகொள்வது அந்த வெள்ளித் திருமேனிதான் (மார்கழியில் மட்டும் கண்ணன்). அப்போது தாள்ளப்பாக்கம் அன்னமய்யாவின் வழியில் வந்தவர்கள் தாலாட்டுப் பாடுகிறார்கள். அன்னமய்யா 1503-ல் மறைந்தவர். அவர் கீர்த்தனைகள் செப்பேடுகளில் பொறிக்கப்பட்டுக் கோயிலுக்குள்ளேயே ஓர் அறையில் பல நூற்றாண்டுகள் கேட்பாரற்றுக் கிடந்து, 20-ஆம் நூற்றாண்டில்தான் வெளிச்சத்துக்கு வந்தன. தாலாட்டோடு சேர்ந்து எடுக்கப்படும் முத்து ஆரத்தி தரிகொண்டா வெங்கமாம்பாவின் பெயரில் நடக்கிறது. ஊர் ஒதுக்கிய விதவை, பேரரசு போன அரசி, பாட்டுகள் பூட்டிக் கிடந்த கவி ஆகிய மூவரையும் ஒவ்வொரு இரவும் ஒரே சேவையில் நினைவு வைத்திருக்கும் இடம் இது. வாழ்நாளில் தோற்றவர்களாகக் கணக்கிடப்பட்டிருக்கக்கூடியவர்கள் இவர்கள். வெற்றி தோல்வியை ஓர் ஆயுளுக்குள் முடித்துக் கணக்கெழுதும் பழக்கத்தை இந்த ஒரு சேவை கேள்விக்குள்ளாக்குகிறது.

அலிபிரியிலிருந்து ஏறும் பாதைக்கு 3,550 படிகள். ஒவ்வொரு படிக்கும் மஞ்சள் குங்குமம் வைத்துக்கொண்டே ஏறும் பெண்களை இங்கே எந்த நாளிலும் பார்க்கலாம். முழங்கால் முறிச்சான் என்று சொல்லும் செங்குத்தான பகுதியில் பலர் முழங்காலிட்டு ஏறுகிறார்கள். கருவறைக்கு முன்னாலுள்ள கடைசிப் படியின் பெயர் குலசேகரன் படி. பெருமாள் திருமொழியில் குலசேகர ஆழ்வார் இந்த மலையில் மீனாக, குருகாக, செண்பகமாக, கடைசியில் படியாகக் கிடக்க ஆசைப்படுகிறார். அரசராக இருந்தவர் என்று மரபு சொல்லும் அந்த மனிதர் நாடு கேட்கவில்லை, நோய் தீரக் கேட்கவில்லை, பக்கத்தில் இருக்க இடம் கேட்டார். நான் முதலில் சொன்ன பிடிப்பை இதைவிடத் தெளிவாக யாரும் தமிழில் வைக்கவில்லை. 2020-ல் அந்தப் பக்கத்தில் இருக்கும் வாய்ப்பே எல்லோருக்கும் மறுக்கப்பட்டது. மார்ச் 20 முதல் ஜூன் இரண்டாம் வாரம் வரை, கொரோனாவால், பக்தர்களுக்குக் கோயில் திறக்கப்படவில்லை. சேவைகள் அர்ச்சகர்களோடு ஏகாந்தமாக நடந்தன. கீழே நகரத்தில் ஊரடங்கில் சிக்கியவர்களுக்குத் தேவஸ்தானம் உணவுப் பொட்டலங்கள் கொடுத்தது. 1985-ல் நாளொன்றுக்கு 2,000 பேருக்கு என்று தொடங்கிய நித்திய அன்னதானம் இன்று பல பத்தாயிரம் பேருக்கு வளர்ந்து, வெங்கமாம்பாவின் பெயர் தாங்கிய கூடத்தில் நடக்கிறது. ஊரில் இடமில்லாமல் மலைக்கு வந்த ஒருத்தியின் பெயரால் ஊரே சாப்பிடுகிறது.

இவ்வளவையும் சொன்ன பிறகு மலையிலிருந்து இறங்கித்தான் ஆக வேண்டும், ஏனென்றால் மிகக் கடுமையான ஆட்சேபம் அடிவாரத்தில் இருக்கிறது. 2021 மே 10-ஆம் தேதி இரவு, திருப்பதி ரூயா அரசு மருத்துவமனையில், ஆக்சிஜன் டேங்கர் வரத் தாமதமானதால் தீவிரச் சிகிச்சையில் இருந்தவர்கள் மூச்சுத் திணறி இறந்தார்கள்; அரசுக் கணக்கில் 11 பேர். 2025 ஜனவரி 8-ல் வைகுண்ட வாசல் தரிசன டோக்கனுக்காகத் திருப்பதியில் காத்திருந்த கூட்டத்தில் நெரிசலில் ஆறு பேர் இறந்தார்கள். கோவிந்தனின் மலைக்குக் கீழேயே, அவனைப் பார்க்க வந்த வரிசையிலேயே இது நடக்குமானால் அவனை நம்பி என்ன பயன்? இதைப் பிராரப்தம், விதி, அவன் சித்தம் என்று மூடி மறைக்கும் பேச்சை நான் ஏற்கமாட்டேன். ஆக்சிஜன் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று பார்ப்பது மனிதன் வேலை. கூட்டத்துக்குத் தடுப்பும் வழியும் அமைப்பது மனிதன் வேலை. மனிதன் செய்யாத வேலையைக் கடவுள் தலையில் கட்டுவது பக்தியாகாது, அது தப்பித்தல். தன் குற்றத்துக்குத் தானே தண்டனை கேட்டுப் போன லிகிதனின் ஊர்ப்பக்கம் இது. நல்லது நடக்கும் என்ற கணிப்பாகக் கடவுளை வைத்திருந்தவர்களுக்கு அந்த இரவு அவரும் செத்துப்போயிருப்பார், அதில் வியப்பில்லை.

ஆனால் இழந்தவர்கள் கடவுளிடமே சண்டைக்குப் போவதும் நம் மரபில் பக்திக்குள்தான் அடங்கும். ஆழ்வார்களும் நாயன்மார்களும் கேட்ட கேள்விகள் மென்மையானவை அல்ல. அன்னமய்யாவும் பல பாடல்களில் அவனோடு வாதிட்டிருக்கிறார். கேட்கும் காது ஒன்று இருக்கிறது என்று உள்ளூர நம்புகிறவர்தான் சண்டை போடுவார். அன்றிரவு ரூயாவில் தீவிரச் சிகிச்சைப் பிரிவுக்குள் ஆத்திரத்தோடு புகுந்த உறவினர்களுக்கு இந்த வாதத்தைப் போய்ச் சொல்ல எனக்குத் துணிவில்லை, அவர்களுக்கு அது தேவையுமில்லை. அரசு தலா 10 லட்சம் ரூபாய் அறிவித்துவிட்டதால் அவர்கள் கேள்வி முடிந்துவிடவும் இல்லை. அதே ஆண்டு அக்டோபரில், அதே நகரத்தில், தேவஸ்தானத்தின் பத்மாவதி குழந்தைகள் இதய மருத்துவமனை திறக்கப்பட்டது. மே மாதத்து இறப்புகளுக்கு அது ஈடாகாது, அப்படி ஈடு கட்டிப் பேசுவதும் தவறு. உண்டியலில் விழுந்த காசு, விழுந்தவர்களின் வேண்டுதல் நிறைவேறியதோ இல்லையோ, யாரோ ஒரு குழந்தையின் இதய ஓட்டையை அடைக்கப் போகிறது என்பது மட்டும் கண்ணால் பார்க்கக்கூடிய செய்தி. அங்கே குழந்தையை அறுவைக்கு அனுப்பிவிட்டு வெளியே நிற்கும் பெற்றோர், மருத்துவர் சொல்லும் பிழைப்பு விழுக்காட்டையும் கவனமாகக் கேட்டுக்கொள்கிறார்கள், கோவிந்தா என்றும் சொல்கிறார்கள். இரண்டில் ஒன்றை விட்டுவிடும்படி அவர்களிடம் சொல்ல என்னிடம் ஒரு காரணமும் இல்லை.